எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்

ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது தூரத்துப் பறவையையோ டார்கெட்டையோ பார்க்க டிரைபாடில் ஏற்றுகிற ஒற்றைக்கண் தொலைநோக்கி, வாங்கப் போகிறேன் என்று வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை எக்ஸ் வாங்கலாம்?’ என்றுதான். எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதுதான் எக்ஸ். இருபதை விட அறுபது பெரிய எண், ஆகவே அறுபதுதான் நல்லது என்ற நினைப்பு. காரைக்குடிப் பக்கத்து வெயிலில் அந்த நினைப்பு காலை பத்து மணி வரை கூடத் தாங்காது. செம்மண் சூடேறியதும் தரையை ஒட்டிய காற்று அலையலையாக நெளிய ஆரம்பித்துவிடும், அறுபதில் வைத்துப் பார்த்தால் பறவையும் கொதிக்கும், டார்கெட்டும் கொதிக்கும். ஸ்கோப் என்ன விலையானாலும் நடுவில் இருக்கிற காற்றை அதனால் மாற்ற முடியாது. முப்பதுக்குக் குறைத்தால்தான் ஏதோ தெரியும்.

துப்பாக்கி சுடுபவர்களுக்கு இதை எண்ணிலேயே சொல்லிவிடலாம். 50 மீட்டர் .22 ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10.4 மி.மீ., குண்டு போடும் துளை 5.6 மி.மீ. அதைப் பார்க்க 20 எக்ஸ் போதும், 30 தாராளம். சிரமம் துளையின் அளவில் இல்லை, கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த துளை கறுப்போடு கறுப்பாக ஒட்டிக்கொள்வதில்தான் இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டுவது கண்ணாடியின் தரம், எக்ஸ் அல்ல. 10 மீட்டர் ஏர் ரைபிள் மட்டும் சுடுகிறவர் என்றால் ஸ்கோப்புக்குச் செலவழிக்கவே வேண்டாம், அந்தக் காசில் பெல்லட் வாங்குங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. முதலில் சொன்ன அந்தக் கானல் அலை தொந்தரவு மட்டுமல்ல, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் அதுதான் சொல்லும். டார்கெட்டில் ஃபோகஸ் வைத்துவிட்டு, குமிழைக் கொஞ்சம் திருப்பி டார்கெட்டுக்கு முன்னால் இருக்கிற காற்றுக்கு ஃபோகஸைக் கொண்டுவாருங்கள். அலை இடமிருந்து வலமாக ஓடுகிறதா, வலமிருந்து இடமாகவா என்று தெளிவாகத் தெரியும். நேர் மேலே எழும்பினால் காற்று நின்றிருக்கிறது, அல்லது திசை மாறப் போகிறது. குண்டு எங்கே பட்டது என்று திரையிலேயே காட்டுகிற எலக்ட்ரானிக் டார்கெட் வந்த பிறகும் தூர ரேஞ்சில் சுடுபவர்கள் ஸ்கோப்பைக் கைவிடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேட்டைக்கு என்று எழுதப்படுகிற வெளிநாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மலையேறிப் போய் மானின் கொம்புக் கிளைகளை எண்ணுகிறவர்கள் முன் லென்ஸ் 50, 60 மி.மீ. மட்டுமே உள்ள எடை குறைவான ஸ்கோப்பைத் தேடுவது நியாயம். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நமக்கு இருப்பது ரேஞ்சும் கண்மாய்க் கரையும்தான்.

கண்மாய் என்றால் எனக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்தான். தீபாவளிக்குக் கூட வெடி போடாமல் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் காப்பாற்றி வருகிற பறவைகள் அவை. கூட்டுக்குப் பக்கத்தில் போகாமல் கரையிலேயே நின்று பார்க்க ஸ்கோப் இருக்கிறது என்பதே அதை வாங்கப் போதுமான காரணம் என்பேன். நத்தை குத்தி நாரையை நல்ல கண்ணாடியில் பாருங்கள், அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி, அதன் வழியே பின்னால் இருக்கிற இலையின் பச்சை தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது. மட்டமான கண்ணாடியில் வெள்ளை இறகைச் சுற்றி ஊதா விளிம்பு கட்டி, இந்த நுணுக்கமெல்லாம் அதில் கரைந்துவிடும். இந்த நிற விளிம்பைக் குறைக்கிற ஈ.டி. வகை லென்ஸ் கண்ணாடிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு இதற்குத்தான்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமா? தெருக்கோடியில் நின்று ஒரு பழைய வீட்டு முகப்பின் உச்சியில் இருக்கிற கஜலட்சுமி சுதையைப் பாருங்கள். கழுத்து மாலையில் மணிமணியாகப் பிரிந்து தெரிகிறதா, எக்ஸைக் கூட்டும்போது எங்கே மங்க ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் வெளுத்த வானத்துக்கு எதிரே போகிற கரண்ட் கம்பியைப் பாருங்கள், ஊதா விளிம்பு இருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி போட்டவர் வீட்டில் இருந்தால் அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே என்னுடையதில் பார்த்துவிட்டு “கொக்கு கண்ணு சிமிட்டுறது கூடத் தெரியுதேப்பா” என்றார்கள். கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்க முடிந்து, கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மி.மீ.க்கு மேல் இடைவெளி கிடைத்தால்தான் அப்படி முழுசாகத் தெரியும்.

முன் லென்ஸின் மில்லிமீட்டரை எக்ஸால் வகுத்துப் பாருங்கள். 65 மி.மீ. ஸ்கோப்பில் இருபது எக்ஸில் மூன்றே கால் மி.மீ. அகல ஒளி கண்ணுக்கு வரும், அறுபதில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். விடியற்காலையில் படம் இருண்டுபோவது இதனால்தான். 80 மி.மீ. கொஞ்சம் வெளிச்சம் கூட்டும், எடையும் கூட்டும்.

என்னைக் கேட்டால் 65 மி.மீ., ஈ.டி. கண்ணாடி, 45 டிகிரி சாய்ந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற பகுதி), டிரைபாட் வளையத்தில் சுழற்றிக்கொள்கிற மாதிரி. ரேஞ்சில் படுத்துச் சுடும்போது தலையை அதிகம் தூக்காமல் கண்ணுக்குப் பக்கத்தில் திருப்பிக்கொள்ளலாம், கரையில் உயரம் வேறுபட்ட நாலு பேர் அதே ஸ்கோப்பில் மாறி மாறிப் பார்க்கலாம். கையில் நாற்பதாயிரம் இருந்தால் பத்தாயிரத்தை டிரைபாடுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஸ்கோப் தேடுங்கள். லேசான டிரைபாடில் ஏற்றினால் விரல் பட்டாலே படம் ஆடும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பையிலேயே போட்டு வைக்காதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.