லொறி குடிக்கும் தண்ணீர்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நோயைக் கேட்கும் முன்னரே மருந்தை நீட்டுவார்கள். "கூலன்ட் குறையுதா? ஹெட் காஸ்கெட் தான் அண்ணே" என்று ஒரு கடையில், எஞ்சின் தலைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே அடைக்கும் அந்தத் தகட்டின் பெட்டியையே எடுத்து வைத்துவிட்டார்கள். நான் வாங்கவில்லை.

என் பழைய டீசல் லொறியில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர், குறைந்துகொண்டே வந்தது; அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. தண்ணீர் கலந்து ஒயிலும் பால் நிறமாகவில்லை. ஆனால் களனிப் பாலம் ஏறினால் ஹீட் முள் எகிறும்.

கொட்டாஞ்சேனை கராஜ் பாஸ், எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டரில் கைப்பம்பைப் பூட்டி, மூடியில் அடித்திருந்த 0.9 பார் (bar) அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். பம்பின் அழுத்த முள் மெல்ல இறங்கியது. வெளியே எங்கும் ஒழுகவில்லை. அப்படியென்றால் உள்ளேதான். எஞ்சினைக் கிளப்பி உடனே மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தோம். மெத்தென்றுதான் இருந்தது, ரேடியேட்டரில் குமிழியும் இல்லை. காஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் சிலிண்டர் வாயு புகுந்து ஹோஸ் கல்லாக இறுகியிருக்கும்.

அடுத்த சந்தேகம் ஈஜிஆர் கூலர். சைலன்ஸர் பக்கம் போகும் சூட்டு வாயுவில் ஒரு பங்கைக் குளிரவைத்து எஞ்சினுக்கே திருப்புகிற சாமான் அது. உள்ளே வெடிப்பு விழுந்தால் கூலன்ட் வாயுவோடு ஆவியாகிவிடும். கழற்றினால், கரி படிய வேண்டிய இடம் கழுவிவிட்டதுபோல் ஈரம்.

கூலரோடு மூடியையும் மாற்றச் சொன்னார் பாஸ். சரிதான்: அழுத்தம் பிடிக்காத மூடியிருந்தால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்துவிடும்.