இன்னாத்துக்கு ஓடறானுங்க

29-11-2024, வெள்ளி
புயலுக்கு ஃபெங்கல் என்று பேர் வைத்துவிட்டார்கள். அம்மா ரேஷன் கார்டு, ஆதார், அடகுச் சீட்டு மூன்றையும் பால் கவரில் சுருட்டியாகிவிட்டது. பேர் வைக்காத மழைக்கும் இதையேதான் செய்வாள்.

30-11-2024
ராத்திரி புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிவிட்டது என்றேன். "போனது திரும்பாதா?" என்றாள். தூக்கம் இல்லை.

3-12-2024
சாயங்காலம் பசங்க பந்துக்காகச் சந்தில் ஓடினார்கள். அம்மா அடுப்பை அப்படியே விட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "இன்னாத்துக்கு ஓடறானுங்க?" பந்தைக் காட்டினேன். உள்ளே திரும்பும்போதுதான் பார்த்தேன், என் காலில் செருப்பு. எப்போது மாட்டினேன்?

காசிமேட்டில் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சனம் ஓடியபோது நான் பிறக்கவே இல்லை. 2006-ல் பிறந்தவன். போன மாதம் தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஒருத்தர் ரயிலைப் பிடிக்க ஓடினார். நானும் ஓடினேன். எதிர்த் திசையில்.

4-12-2024
வஞ்சிரம் விலை கேட்டாலே பயமாக இருக்கிறது. இது வேறு பயம், சந்தோஷமான பயம்.

8-12-2024
பி.டி.எஸ்.டி. பற்றி நாள் முழுக்கப் படித்தேன். பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசில் தங்கிவிடும் நோய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-ல் ஏறிய பேர். 2013 பதிப்பின்படி சாவையோ பெரிய காயத்தையோ நேரில் அனுபவித்திருக்க வேண்டும், இல்லை பார்த்திருக்க வேண்டும், இல்லை நெருங்கிய ஒருவருக்கு அப்படி நடந்தது தெரியவந்திருக்க வேண்டும். மூன்றாவதைப் பிடித்துத் தொங்கினேன். ஆனால் அம்மா எனக்கு எதையுமே சொன்னதில்லையே! சொல்லாமலே தெரியவந்தது கணக்கில் சேருமா?

1966-லேயே கனடாவில் ராகாஃப் என்ற மருத்துவர், நாஜி முகாமில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முகாமையே பார்க்காத பிள்ளைகள். பெற்றவர்களைவிட அவர்கள்தான் உடைந்துபோய் வந்தார்களாம். படித்ததும் ஒரு நிம்மதி. நிம்மதிப்பட்டதற்காக அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

9-12-2024
அவள் என்னை அடித்ததே இல்லை. மணிக்கட்டைப் பிடிப்பாள், அவ்வளவுதான்.

15-12-2024, ஞாயிறு
தெருவே மீன் வாங்க ஹார்பருக்குப் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் முட்டைக் குழம்பு. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

17-12-2024
மனநல உதவி எண் 14416-க்கு அடித்தேன். பேசிய அக்கா பொறுமைசாலி. "உங்களுக்கு என்ன நடந்துச்சு?" என்றார். "எதுவும் நடக்கலைங்க" என்றேன். அடுத்த முறை அம்மாவையும் பேசவைக்க முடியுமா என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

25-12-2024
எதிர்வீட்டு கேக். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டாள். சிரித்தாள்கூட.

26-12-2024
இருபது வருஷம். கடலில் பால் ஊற்றப் போனார்கள். நாங்கள் போகவில்லை. மருந்து வாங்க சூரியநாராயணா தெருவைக் கடந்தபோது இடது மணிக்கட்டைப் பிடித்தாள், எப்போதும் போல இடதுதான். பதினெட்டு வயதுப் பையனை! கடந்த பிறகும் விடவில்லை.

"அது யார் கைம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"மாவு கரைக்கணும், நட" என்றாள்.

27-12-2024
விரல் தடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. வெளியே, சந்தில், யாரோ