சிசிபிஏ பாஸ் ஆயாச்சு, ஆனா அந்த 3750 மணி நேர கணக்கு தான் உயிரை எடுத்துடுச்சு

போன வாரம் சிசிபிஏ எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன், பிஏவுக்கு, அதாவது கிளையன்ட்டுக்கு என்ன வேணும்னு கேட்டு டெவலப்பருக்கு எழுதிக் கொடுக்கிற பிசினஸ் அனலிஸ்ட்டுக்கு, ஐஐபிஏ அமைப்பு கொடுக்கிற சர்ட்டிஃபிகேட் அது. எக்ஸாமை பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, 130 கேள்வி, 3 மணி நேரம், பாபோக்னு பிஏ வேலைக்கான கைடு புக் இருக்கு, அதோட மூணாவது வெர்ஷனை ரெண்டு தடவை ஒழுங்கா படிச்சு மாக் டெஸ்ட் போட்டு பார்த்திருந்தா தாண்டிடலாம். நான் மூணு மாசம் மாட்டிக்கிட்டது அதுக்கு முன்னாடி, அப்ளிகேஷன்ல. கோச்சிங் சென்டர்ல இதை பத்தி ஒரு வார்த்தை சொல்லல, 21 மணி நேர கிளாஸ்னு காசு வாங்கிட்டு ஸ்லைடை பார்த்து வாசிச்சாங்க, அவ்ளோதான். அந்த கோவம் இன்னும் போகல.

கடைசி 7 வருஷத்துல 3750 மணி நேரம் பிஏ வேலை பார்த்திருக்கணும். அஞ்சு வருஷமா இந்த வேலைல இருக்கேன், ஈஸியா வந்துடும்னு நெனச்சேன். ஆனா மொத்த மணி நேரம் மட்டும் போதாது, பாபோக்ல பிஏ வேலையை பிரிச்சு வச்சிருக்கிற ஆறு நாலெட்ஜ் ஏரியால ரெண்டுல தலா 900 மணி நேரம், இல்லன்னா நாலுல தலா 500 மணி நேரம்னு பிரிச்சு காட்டணும். முதல் ரெண்டு வருஷம் பிஏன்னு பேரு இருந்தாலும் பாதி நாள் டெஸ்ட் கேஸ் ஓட்டிட்டு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போட்டுட்டு இருந்தேன், அதெல்லாம் கழிஞ்சு போச்சு. மிச்சத்தை பிரிக்கலாம்னு டைம்ஷீட்டை திறந்தா எல்லா நாளும் ஒரே வரி, "ரெக்வயர்மென்ட்ஸ், 8 மணி". அந்த எட்டு மணி நேரத்துல கிளையன்ட்கிட்ட கேட்டது எவ்வளவு, கேட்டதை எழுதினது எவ்வளவு, மாத்தச் சொன்னதை பார்த்தது எவ்வளவுன்னு எப்படி சொல்றது? முதல் கம்பெனியை விட்டு வந்துட்டதால அந்த மெயிலும் கைல இல்ல. பழைய ஃப்ரெண்ட்ஸுக்கு ஃபோன் போட்டு, எந்த மாசம் எந்த ப்ராஜெக்ட்ல இருந்தோம்னு ஒவ்வொண்ணா கேட்டு கேட்டு எழுதினேன்.

இந்த பாடெல்லாம் இல்லாம கணக்கு வந்தது ஒரே ப்ராஜெக்ட்டுக்கு தான், திருப்பூர்ல ஒரு பின்னலாடை கம்பெனிக்கு ஸ்டோர் மாட்யூல் பண்ணது. அதுவும் நான் அங்க வாங்கின அடியால தான். துணி சாயப்பட்டறைக்கு போகும், சாயம் ஏத்தி திரும்பி வரும், இதை சிஸ்டத்துல கொண்டு வரணும். மேனேஜர்கிட்ட ஒரே மீட்டிங்ல எல்லாத்தையும் கேட்டேன். "போன வெயிட்டும் வந்த வெயிட்டும் டேலி ஆகலன்னா இன்வார்டு போடவே விடக்கூடாது"ன்னாரு, இன்வார்டுன்னா உள்ள வந்த சரக்கை சிஸ்டத்துல பதியறது. அப்படியே எழுதி, வாயால ஓகே வாங்கி டெவலப்பர்கிட்ட கொடுத்துட்டேன்.

யூஏடி அன்னிக்கு, அதாவது கிளையன்ட்டே ஓட்டி பார்த்து சரி சொல்ற டெஸ்ட் அன்னிக்கு, வண்டி வந்து நிக்குது, சிஸ்டம் ஒரு இன்வார்டைக் கூட ஏத்துக்கல. ஸ்டோர் கீப்பர் அண்ணன் என்னை பார்த்து, "தம்பி, நூறு கிலோ சாயத்துக்கு போனா நூறு கிலோவேவா திரும்பி வருமுங்க?"ன்னு கேட்டுட்டு ஒரு நீள நோட்டை விரிச்சாரு. இடது பக்கம் போன வெயிட், வலது பக்கம் வந்த வெயிட், ஓரத்துல பென்சில்ல ப்ராசஸ் லாஸ், அதாவது சாயம் ஏத்தறப்ப குறையற வெயிட். ஒரு வரில 100.400 போயி 93.850 வந்திருக்கு. கலருக்கு ஏத்த மாதிரி மாறும், என்சைம் போட்டு துணி மேல இருக்கிற பிசிறை எடுக்கிற பயோ வாஷ் இருந்தா இன்னும் குறையும், பேசி வச்ச அளவுக்கு மேல குறைஞ்சா மட்டும் பட்டறைக்கு கொடுக்கிற காசுல பிடிக்க டெபிட் நோட். மேனேஜர் சொன்ன டேலி இந்த லாஸை கழிச்சுக்கிட்டு பார்க்கிற டேலி, அவங்க ஊர்ல அதை தனியா சொல்லவே வேண்டாம். மேனேஜர்கிட்ட கேட்டா, "நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லவே இல்லையே"ன்னாரு. காட்டறதுக்கு என்கிட்ட ஒரு மெயில் இல்ல. டெவலப்பரோட ரெண்டு வார உழைப்பு வீணா போச்சு, அவர் முகத்தை பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

பாபோக்ல இதுக்குன்னே தனி டாஸ்க் இருக்கு, எலிசிடேஷன், அதாவது கிளையன்ட்கிட்டேர்ந்து தேவையை வெளிய கொண்டு வர்றது, அதோட ரிசல்ட்டை கன்ஃபர்ம் பண்றது. ரெக்வயர்மென்ட் கேதரிங்னு சொல்லாம எலிசிடேஷன்னு ஏன் சொல்றாங்கன்னு எனக்கு அந்த நோட்டை பார்த்தப்புறம் தான் புரிஞ்சுது, ரெடியா கிடக்கிறதை பொறுக்கிட்டு வர்ற வேலை இல்ல இது, அடுத்த ரெண்டு நாள் ஸ்டோர்லயே உக்காந்து இன்வார்டு போடறதை பார்த்தப்ப தான் பாதி விஷயம் வெளிய வந்துச்சு. அன்னிலேர்ந்து ஒரு ஷீட் வச்சேன். ரெக்வயர்மென்ட் நம்பர், யார் சொன்னாங்க, எந்த தேதி, எந்த ஸ்க்ரீன், எந்த டெஸ்ட் கேஸ், பின்னாடி மாத்தினா யார் மாத்தச் சொன்னாங்க, ஏன். மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே மூணு வரில மெயில் போட்டு "சரிதானே"ன்னு கேட்டுடுவேன். அந்த ஷீட்டும் மெயிலும் தான் இப்ப அப்ளிகேஷனுக்கு கை கொடுத்துச்சு, எந்த தேதில எந்த ஏரியா வேலைன்னு ஒரே சாயங்காலத்துல பிரிச்சுட்டேன்.

அப்ளை பண்ண போறவங்க டைம்ஷீட்ல இன்னிலேர்ந்தே ஏரியா பேரு போட்டு எழுதுங்க. கணக்கு முழுசா வந்தப்புறம் அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுங்க, அது திரும்பி வராது. ரெண்டு ரெஃபரன்ஸ் வேணும், அவங்க பேரை போடறதுக்கு முன்னாடியே ஃபோன்ல சொல்லி வைங்க, என் பழைய மேனேஜர் மூணு வாரம் பதிலே போடல. இன்னொரு ரெஃபரன்ஸுக்கு அந்த திருப்பூர் மேனேஜரையே கேட்டேன், பழசை நெனச்சு ரொம்ப தயங்கித்தான் ஃபோன் பண்ணேன். "அனுப்புங்க தம்பி"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே முடிச்சு கொடுத்துட்டாரு.