76 கிலோவுக்கு எத்தனை அங்குலம்?

மே 3

ஏரியில் படகு இழுக்க, இரவல் ஸ்கீயில் நீர்ச்சறுக்கு செய்தது போதும் என்று நானும் தங்கையும் முடிவு செய்துவிட்டோம். ஆளுக்கு ஒரு ஸ்லாலம் ஸ்கீ (இரண்டு காலையும் ஒன்றிலேயே வைத்து, மிதவைகளைச் சுற்றி வளைந்து போகும் ஒற்றை ஸ்கீ) வாங்க வேண்டும். அவள் 58 கிலோ, நான் 76. அவள் என்னைவிட நன்றாகவும் வேகமாகவும் சறுக்குவாள் என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன், பின்னால் கணக்குக்கு உதவும்.

விசாரித்த இடத்திலெல்லாம் முதலில் கேட்பது உயரத்தைத்தான். பனிச்சறுக்கில் ஸ்கீயைப் பக்கத்தில் நிறுத்தி, மோவாய் வரை வருகிறதா, நெற்றி வரை வருகிறதா என்று பார்ப்பார்களே, அந்தப் பழக்கம். தண்ணீருக்கு நம் உயரம் தெரியாது. அது தாங்க வேண்டியது எடையை மட்டும்தான்.

மே 5

பல நிறுவனங்களின் அட்டவணைகளை எடுத்துப் பார்த்தேன். மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொதுவான போக்கு இப்படி: 54 முதல் 66 கிலோ வரை 65 அங்குல நீளம், 63 முதல் 77 வரை 66, 72 முதல் 86 வரை 67, 84 முதல் 98 வரை 68. அதற்கு மேல் 69, 70.

எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. என் 76 கிலோ 66-லும் அடங்குகிறது, 67-லும் அடங்குகிறது. அப்படியானால் எடை மட்டும் பதில் சொல்லவில்லை, வேறு ஏதோ ஒன்று சேர வேண்டும். அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் அதுவும் இருக்கிறது: இந்த அளவுகள் மணிக்கு சுமார் 50 முதல் 58 கிலோமீட்டர் வேகத்துக்கு, அதைவிட மெதுவாகப் போகிறவர்கள் ஒரு அளவு கூட்டிக்கொள்ளவும். பெரும்பாலானோர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அதைத்தான் மேலே பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும் என்று படுகிறது.

மே 6

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இன்று முழுக்க மண்டையில் ஓடியது.

ஓடும் ஸ்கீயைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, தண்ணீரைத் தொடும் பரப்பையும் பொறுத்தது. மணிக்கு 55 கிலோமீட்டரில் கிடைக்கும் விசையை 100 என்று வைத்தால், அதே பரப்பு, அதே சாய்வில் தங்கை போகும் 52-இல் 89 கிடைக்கும், நான் போகும் 46-இல் 70 மட்டுமே. வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்போது விசை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆனால் என் எடை குறையவில்லையே! அந்தக் குறையை ஸ்கீ எப்படிச் சரிக்கட்டும்? வாலை ஆழமாக அமிழ்த்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்போது தண்ணீரின் இழுவை கூடும். அந்த இழுவையைக் கடைசியில் தாங்குவது நம் கையும் முதுகும்தான்.

பரப்பைக் கூட்டினால் அந்தச் சுமை இறங்கும். நீளத்தைக் கூட்டலாம், அகலத்தையும் கூட்டலாம். ஒரு அங்குலம் என்பது வெறும் இரண்டரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அளவு ஏறும்போது அகலமும் சேர்ந்தே ஏறுவதால் வித்தியாசம் காலில் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று. எடை பார்க்கும்போது உயிர்காப்பு ஜாக்கெட்டையும் நனைந்த ரப்பர் உடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓரிரு கிலோ கூடும். எல்லைக்கோட்டில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதுவே தீர்ப்பை மாற்றிவிடும்.

மே 9

தங்கையின் கேள்வி: “இப்போ நீ 46-இல் போறே. அடுத்த வருஷம் 55-க்கு வந்துட்டா 67 உனக்குப் பெரிசா இருக்காதா அண்ணா?”

நல்ல கேள்விதான். போட்டி வழக்கத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் படகின் வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போவார்கள். உச்ச வேகம் பெண்களுக்கு 55, ஆண்களுக்கு 58. உச்சத்தைத் தொட்ட பிறகு கயிற்றைச் சுருக்குவார்கள். (மிதவைகள் படகு போகும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். கயிறு 11.25 மீட்டராகும்போது மிதவையைக் கயிறு எட்டாது, கையையும் உடம்பையும் நீட்டித்தான் சுற்ற வேண்டும். அந்த உயரமெல்லாம் நமக்கு எதற்கு!) 55-க்கு வந்தாலும் 76 கிலோவுக்கு 67 அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. 66 வாங்கினால் அந்த வேகம் வரும்வரை தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்று போகிற வேகத்துக்கு வாங்குவதே சரி.

மே 11

ஏரிக்கரையில் மூன்று அளவுகள் கிடைத்தன. படகு 46-இலேயே ஓடியது.

65: கிளம்புவதே பாடு. ஆழத்திலிருந்து எழும்போது படகு இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஸ்கீ மேலே வர மறுக்கிறது. திரும்பி முடிக்கும் இடத்தில் வால் அமிழ்ந்து வேகம் செத்துவிடுகிறது. கயிறு தொய்ந்து, அடுத்த நொடி தோளைப் பிடுங்குவது போல் இறுகுகிறது.

69: எழுவது சுகம், நேராக நிற்பதும் சுகம். சாய்க்கப் போனால்தான் தெரிகிறது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற மனமில்லாமல் மிதந்துகொண்டே போகிறது. படகின் அலையில் தடதடக்கிறது. திருப்பத்தில் மூக்கு தண்ணீரைக் கடிக்காமல் வழுக்குகிறது.

67: சொல்ல அதிகமில்லை. எழுந்தது, சாய்ந்தது, திரும்பியது.

மே 12

அகலத்தைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. ஒரே 67 அங்குலம் என்றாலும் எல்லா 67-உம் ஒன்றல்ல. எச்ஓ நிறுவனத்தின் ஓம்னி போன்றவை முன்பகுதி அகலமானவை, மெதுவான வேகத்தில் நன்றாகத் தாங்கும். ரேடாரின் பட்டர் நைஃப் இன்னும் அகலம். போட்டிக்கென்றே செய்யும் ஒடுங்கிய ஸ்கீ அதே நீளத்தில் இன்னும் ஆழமாக ஓடும். ஆகவே ஒரு மாடலின் அட்டவணையை வைத்து இன்னொரு மாடலை வாங்கக் கூடாது.

நான் அகலமான 67-ஐ எடுத்தேன். 52-இல் போகும் தங்கைக்கு நடுத்தர அகலத்தில் 65. அவள் 64 கேட்டுப் பார்த்தாள், பிறகு அவளே வேண்டாம் என்றாள்.

மே 17

பைண்டிங்கை, அதாவது ஸ்கீயில் காலைப் பிடித்துக்கொள்ளும் காலணியை, பொருத்தியாயிற்று. தயாரிப்பாளர் சொன்ன இடத்திலேயே, வாலிலிருந்து அளந்து. தங்கைக்கு மூக்கு சற்றுத் தூக்கலாக இருந்ததால் அவளுடைய பைண்டிங்கை மட்டும் ஒரு துளை முன்னால் நகர்த்தினோம். மூக்கு படிந்துவிட்டது. ஃபின்னை (வாலின் அடியில் இருக்கும் துடுப்பு போன்ற தகடு) இருவருமே தொடவில்லை. அதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று காலிப்பர் வைத்து நகர்த்துவார்கள். அதற்கு முதலில் காலிப்பர் வாங்க வேண்டும்.