பிஇ-45 ஃபார்ம்: பிரீமியம் எந்த நாட்டுக்குப் போச்சுன்னு கேட்டா ஏன் எல்லாரும் முழிக்கிறாங்க

அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஃபைனான்ஸ் டீம்ல நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால இத தமிழ்ல எழுதி வச்சா யாருக்காவது உதவும்னு தோணுச்சு. வாஷிங்டன்ல வணிகத்துறைக்குக் கீழ பீரோ ஆஃப் எகனாமிக் அனாலிசிஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, சுருக்கமா பிஇஏ. ஜிடிபி நம்பர் வெளியிடறவங்க இவங்கதான். இவங்ககிட்டேருந்து கம்பெனிக்கு ஒரு லெட்டர் வரும், பிஇ-45ன்னு, வெளிநாட்டுக்காரங்களோட நடந்த இன்சூரன்ஸ் வரவு செலவ காட்டுற காலாண்டு ஃபார்ம ஃபைல் பண்ணுங்கன்னு. அந்த லெட்டர் ஆபீஸ்ல சுத்துற சுத்து இருக்கே! டாக்ஸ் டீம் பாத்துட்டு இது வரி ஃபார்ம் இல்லை எங்களுக்கு சம்பந்தமில்லைம்பாங்க, லீகல் டீம் இது சர்வேதானேன்னு தள்ளி விடுவாங்க, ஸ்டேட் ரெகுலேட்டர் ஃபைலிங் பாக்கறவங்க இது ஸ்டேட் சமாச்சாரமே இல்லைன்னு ஒதுங்கிடுவாங்க, கடைசியில ரீஇன்சூரன்ஸ் (இன்சூரன்ஸ் கம்பெனி தன் ரிஸ்க்க இன்னொரு கம்பெனிகிட்ட இன்சூர் பண்றது) அக்கவுண்டிங் ஆளுங்க தலையில வந்து விழும், அதுவும் டெட்லைனுக்குப் பத்து நாள் இருக்கும்போது.

சர்வேன்னு பேரு இருக்கறதால ஏமாந்துடாதீங்க. விருப்பப்பட்டா பதில் சொல்லலாம்ங்கற சர்வே இல்ல இது. 1976ல வந்த சட்டம் பின்னாடி இருக்கு, இன்டர்நேஷனல் இன்வெஸ்ட்மென்ட் அண்ட் டிரேட் இன் சர்வீசஸ் சர்வே ஆக்ட்னு. ஃபைல் பண்ணலைன்னா சட்டத்துல எழுதியிருக்கற சிவில் அபராதம் 2,500 டாலர்லேருந்து 25,000 டாலர் வரைக்கும், அது வருஷா வருஷம் பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி ஏத்திக்கிட்டே வர்றாங்க, அதனால இப்ப நிஜமா இருக்கற தொகை அதவிட நல்லாவே ஜாஸ்தி. வேணும்னேதான் ஃபைல் பண்ணாம விட்டாங்கன்னு நிரூபணம் ஆச்சுன்னா 10,000 டாலர் ஃபைனும் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துல இருக்கு. இன்னொரு பக்கம் அதே சட்டம் நீங்க குடுக்கற டேட்டாவ புள்ளிவிவரத்துக்கும் ஆய்வுக்கும் தவிர வேற எதுக்கும் எடுக்கக்கூடாதுன்னும் சொல்லுது, வரி போடறதுக்கோ விசாரணைக்கோ ரெகுலேஷனுக்கோ தொடக்கூடாது. இத முதல்லயே உங்க டாக்ஸ் டீம்கிட்ட சொல்லிடுங்க, ஏன்னா இதுல ஒரு நம்பர் போட்டு வரித்துறையான ஐஆர்எஸ் ஃபார்ம்ல வேற நம்பர் இருந்தா மாட்டிக்குவோமோன்னு அவங்களுக்கு எப்பவும் ஒரு பயம். ரெண்டும் வேற வேற கேள்வி, வேற வேற பதில் வர்றது சகஜம்.

சரி என்ன கேக்கறாங்க? வெளிநாட்டுல இருக்கறவங்களோட நடந்த இன்சூரன்ஸ் வரவு செலவு, நாடு வாரியா. வெளிநாட்டுலேருந்து நாம எடுத்துக்கிட்ட ரீஇன்சூரன்ஸ் பிரீமியம், அதுல வந்த நஷ்டம், நாம வெளிநாட்டுக்கு விட்ட ரீஇன்சூரன்ஸ் பிரீமியம், அதுல திரும்ப வந்த ரெகவரி, வெளிநாட்டுக்காரங்களுக்கு நேரா வித்த பாலிசியோட பிரீமியமும் கிளைமும், அப்புறம் கிளைம் அட்ஜஸ்ட்மென்ட், ஆக்சுவரியல் வேலை மாதிரி துணை சேவைகளுக்கு வாங்கின, குடுத்த காசு. ஒவ்வொண்ணையும் நம்ம குரூப் கம்பெனியோடயா இல்ல வெளி ஆளோடயான்னும் பிரிக்கணும். இதுல ஏதாவது ஒரு வகை போன வருஷம் 80 லட்சம் டாலர தாண்டியிருந்தாலோ இந்த வருஷம் தாண்டும்னு தெரிஞ்சாலோ நீங்க வளையத்துக்குள்ள வந்துட்டீங்க. மைனஸ் 80 லட்சமும் கணக்குதான், கிளைமுக்குன்னு ஒதுக்கி வச்ச ரிசர்வ ரிலீஸ் பண்ணா நஷ்டம் நெகட்டிவ்ல போகும் இல்லையா, அதுக்காக. காலாண்டு முடிஞ்சு 60 நாள்ல ஃபைல் பண்ணணும், நாலாவது காலாண்டுக்கு மட்டும் 90 நாள். லெட்டர் வந்து நீங்க வரம்புக்குக் கீழ இருந்தாலும் சும்மா விட்டுடக்கூடாது, எங்களுக்கு இது பொருந்தாதுன்னு பதில் போடணும்.

கேட்டா இவ்வளவுதானான்னு இருக்கும். நாடு வாரியாங்கற ஒரு வார்த்தையிலதான் வேலை மொத்தமும் இருக்கு. நம்ம சிஸ்டம் எல்லாம் டிரீட்டி (ரீஇன்சூரன்ஸ் ஒப்பந்தம்) வாரியா பேசும், லைன் ஆஃப் பிசினஸ் வாரியா பேசும், ஸ்டேட் வாரியா பேசும், ஆனா எதிர்ல இருக்கறவன் எந்த நாட்டுல உக்காந்திருக்கான்னு கேட்டா ஊமையாயிடும். அந்தக் கேள்விய வேற யாரும் கேக்கறதில்லை, அதனால அத வச்சுக்கணும்னு யாருக்கும் தோணலை.

பிஇஏ பாக்கறது இருப்பிடம் மட்டும்தான், முதலாளி யாருங்கறது இல்ல. மியூனிக் ரீன்னு பேரு பாத்ததும் ஜெர்மனின்னு போட்டுடுவாங்க, ஆனா உங்க ஒப்பந்தம் நியூ ஜெர்சி பிரின்ஸ்டன்ல இருக்கற மியூனிக் ரீஇன்சூரன்ஸ் அமெரிக்காவோட இருந்துச்சுன்னா அது உள்நாட்டு டிரான்சாக்‌ஷன், இந்த ஃபார்ம்ல வரவே கூடாது. ஸ்விஸ் ரீக்கும் அதே கதை, அவங்களுக்கும் அமெரிக்க கம்பெனி இருக்கு. இதுக்கு நேர் எதிரா, நம்ம சொந்த குரூப்போட பெர்முடா கம்பெனி இருக்கும், அதோட டைரக்டர்லேருந்து சர்வர் வரைக்கும் எல்லாம் நம்ம பில்டிங்லயே இருக்கற மாதிரி ஒரு உணர்வு இருக்கும், ஆனா அது வெளிநாடு, அதுக்கு விட்ட குவோட்டா ஷேர் (குறிப்பிட்ட சதவீதத்த பிரிச்சு விடற ரீஇன்சூரன்ஸ்) முழுசும் பெர்முடான்னு வரணும். குரூப் கணக்க ஒண்ணா சேக்கற கன்சாலிடேஷன்ல இன்டர்கம்பெனின்னு அடிபட்டுப் போயிடறதால ஜிஏஏபி (அமெரிக்க கணக்கு விதி) ரிப்போர்ட்லேருந்து எடுக்கறவங்களுக்கு இந்த நம்பர் கண்ணுலயே படாது, ஆனா பல குரூப்ல இதுதான் இருக்கறதுலயே பெரிய நம்பரு. இதுக்கு மேல வரிச் சட்டத்தோட 953(டி) பிரிவு வேற. பெர்முடா கம்பெனி ஒண்ணு நான் அமெரிக்க கம்பெனி மாதிரியே வரி கட்டறேன்னு தேர்வு பண்ணிக்கலாம், உடனே டாக்ஸ் டீம் லிஸ்ட்ல அது உள்நாடு ஆயிடும். வரிக்குதான் அது உள்நாடு, பெர்முடா தலைநகர் ஹாமில்டன்ல இருக்கற கம்பெனி ஹாமில்டன்லயேதான் இருக்கு.

அடுத்தது புரோக்கர். பணம் போறது நியூ யார்க் புரோக்கரோட அக்கவுண்டுக்கு, லெட்ஜர்ல வெண்டர்னு இருக்கறது அந்த புரோக்கர், அட்ரஸ் மன்ஹாட்டன். ஆனா ரிஸ்க்க வாங்கினது லண்டன்ல லாயிட்ஸ் இன்சூரன்ஸ் சந்தையோட சிண்டிகேட் ஒரு ஆறு, சூரிக்ல ஒண்ணு, பெர்முடால ரெண்டு. அக்கவுண்ட்ஸ் பேயபிள் டேட்டாவ நாடு வாரியா ஃபில்டர் பண்ணி வேலைய முடிச்சுடலாம்னு யாராவது சொன்னா தடுத்து நிறுத்துங்க, அதுல வெளிநாடுன்னு கிட்டத்தட்ட ஒண்ணுமே வராது. டிரீட்டியோட சைனிங் பேஜ்ல யாரு எத்தனை சதவீதம் எழுதியிருக்காங்கறதுலேருந்துதான் வரணும்.

சொத்து விபத்து கம்பெனியா இருந்தா நல்ல தொடக்கம் ஷெட்யூல் எஃப். ஸ்டேட் ரெகுலேட்டருக்குப் போற வருஷாந்திர ஸ்டேட்மென்ட்ல இருக்கற அந்த அட்டவணையில ரீஇன்சூரர் ஒவ்வொருத்தரும் எங்க டொமிசைல் (பதிவான இடம்)னு போட்டே ஆகணும், லைஃப் கம்பெனின்னா ஷெட்யூல் எஸ். வெளிநாட்டு ரீஇன்சூரருக்கு ஏஏன்னு தொடங்குற நம்பர் குடுத்திருப்பாங்க. அத மட்டும் ஃபில்டர் போட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ரொம்ப நாளா அது போதுமாவும் இருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. கொலாட்டரல் (வெளிநாட்டு ரீஇன்சூரர் ஈடா வைக்க வேண்டிய தொகை) குறைக்க சர்டிஃபைட் ரீஇன்சூரர்னு ஒரு வகை வந்ததும் அவங்களுக்கு சிஆர்னு தொடங்குற நம்பர் வந்துச்சு, அப்புறம் ஐரோப்பிய யூனியனோடயும் பிரிட்டனோடயும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் ரெசிப்ரோக்கல் ஜூரிஸ்டிக்‌ஷன்னு ஒண்ணு வந்து ஆர்ஜேன்னு நம்பர். பெரிய பெரிய வெளிநாட்டு ரீஇன்சூரருங்க எல்லாம் ஒவ்வொருத்தரா ஆர்ஜேக்கு மாறிக்கிட்டு இருக்காங்க, அப்ப ஏஏ மட்டும் பாக்கற எக்செல்ல வருஷா வருஷம் வெளிநாட்டு பிரீமியம் கொஞ்சம் கொஞ்சமா கரையும், பிசினஸ் குறைஞ்சுடுச்சு போலன்னு மேனேஜர் தலையாட்டுவாரு. டொமிசைல் கட்டத்த வச்சு ஃபில்டர் பண்ணுங்க, நம்பர் முன்னொட்ட நம்பாதீங்க.

ஃபெடரல் எக்சைஸ் டாக்ஸ் ஒர்க்பேப்பர்லேருந்து எடுக்கலாமேன்னு இன்னொரு யோசனை அடிக்கடி வரும். வெளிநாட்டு இன்சூரருக்குப் போற நேரடி விபத்து பிரீமியத்துக்கு 4 சதவீதம், ரீஇன்சூரன்ஸுக்கு 1 சதவீதம் வரி, அதனால லிஸ்ட் கண்டிப்பா இருக்கும்தானேங்கறது லாஜிக். இருக்கும், ஆனா ஓட்டை லிஸ்ட். பிரிட்டன், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து மாதிரி டாக்ஸ் டிரீட்டில விலக்கு இருக்கற நாடுகள் அதுல வராம போகலாம், 953(டி) எடுத்தவங்க வரமாட்டாங்க. குறுக்க வச்சு சரிபாக்க நல்லது, மூலமா வச்சுக்க ஆகாது.

கேப்டிவ் (தன் ரிஸ்க்குக்குன்னே வச்சிருக்கற சொந்த இன்சூரன்ஸ் கம்பெனி) வச்சிருக்கற கம்பெனிங்களுக்கு ஒரு சின்ன விஷயம். இன்சூரன்ஸ் தொழிலே பண்ணாத ஒரு அமெரிக்க உற்பத்தி கம்பெனி தன்னோட பெர்முடா கேப்டிவுக்கு நேரா பிரீமியம் கட்டினா அது பிஇ-45ல வராது, சேவைகளுக்கான பிஇ-125 சர்வேயில வரும். நடுவுல ஒரு அமெரிக்க ஃப்ரன்டிங் கம்பெனி பாலிசி எழுதி கேப்டிவுக்கு ரீஇன்ஷூர் பண்ணினா அது ஃப்ரன்டிங் கம்பெனியோட பிஇ-45.

இவ்வளவு பாடுபட்டு குடுக்கற நம்பர் எங்க போகுதுன்னு கேட்டா பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ஸ் (நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் நடுவுல நடக்கற வரவு செலவு) கணக்குக்குப் போகுது, இதுதான் எனக்கு இந்த வேலையில பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் வெளிநாட்டு ரீஇன்சூரருங்க அமெரிக்க கம்பெனிகளுக்கு குடுக்க வேண்டிய தொகை பயங்கரமா இருந்துச்சு. அப்ப இருந்த முறையில கட்டின பிரீமியத்துலேருந்து அந்தந்த காலத்து நஷ்ட ரெகவரிய அப்படியே கழிச்சு மிச்சத்ததான் இன்சூரன்ஸ் சேவை இறக்குமதின்னு போடுவாங்க, அதனால அந்த மாசம் அமெரிக்க வணிகப் பற்றாக்குறை திடீர்னு சுருங்கிடுச்சு, நாட்டுல ஒரு பொருளும் கூடுதலா ஏற்றுமதி ஆகலை, கட்டடம் இடிஞ்சதால பற்றாக்குறை குறைஞ்ச மாதிரி கணக்கு காட்டுச்சு. இது அபத்தம்னு 2003ல முறைய மாத்தினாங்க. இப்ப பிரீமியத்துலேருந்து கழிக்கிறது நார்மல் நஷ்டம், அதாவது கடந்த கால அனுபவத்த வச்சு வழக்கமா எதிர்பாக்கற அளவு. பேரழிவுல வர்ற பெருந்தொகை தனியா போகும்.

அந்தத் தனியா போறது எவ்வளவு பெருசுன்னு 2017 மூணாவது காலாண்டுல தெரிஞ்சுது. ஹார்வி, இர்மா, மரியான்னு மூணு புயல் வரிசையா அடிச்சுது. அந்தக் கணக்குல அமெரிக்காவோட கேபிடல் அக்கவுண்ட்ங்கறது சாதாரணமா பூஜ்யத்துக்குப் பக்கத்துல தூங்கிக்கிட்டு இருக்கற ஒரு வரி, யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. அந்தக் காலாண்டுல அதுல 2,490 கோடி டாலர் வரவு வந்து நின்னுச்சு, வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிங்ககிட்டேருந்து புயல் நஷ்டத்துக்காக வர வேண்டிய தொகை அது. புயல்ல இடிஞ்சது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதோட செலவுல எவ்வளவு ஹாமில்டனும் சூரிக்கும் மியூனிக்கும் லண்டனும் சுமந்துச்சுங்கறத ஒரே வரியில காட்டுன நம்பர் இது. நான் ஃபில்டர் போட்டு உக்காந்திருக்கற அந்த ரெகவரி கட்டம்தான் இந்த மாதிரி நம்பருக்கு மூலப்பொருள்னு தெரிஞ்சதுக்கு அப்புறம், நாடு கட்டத்துல "மற்றவை"ன்னு அள்ளிப் போடறவங்கள பாத்தா எனக்கு கோவம் வருது.

அதுக்காக ஒரு டாலர் பிசகக்கூடாதுன்னு மண்டைய உடைச்சுக்கவும் வேண்டாம். ஆயிரம் டாலர்லதான் கேக்கறாங்க, நியாயமான எஸ்டிமேட் குடுத்தா ஏத்துக்கறாங்க, அப்புறம் சரியான நம்பர் வந்ததும் திருத்திக்கலாம். ஆடிட்டருக்கு பதில் சொல்ற மனநிலையில இதுக்குள்ள போனா 60 நாளும் பத்தாது. நாடு சரியா இருக்கா, குரூப் கம்பெனியா வெளி ஆளான்னு சரியா இருக்கா, எடுத்துக்கிட்டதும் விட்டதும் இடம் மாறாம இருக்கா, இந்த மூணுல நேரத்த செலவழிங்க. சென்ட் கணக்கு தானா வந்து சேரும்.

ஆன்லைன்ல இஃபைல்னு அவங்க சிஸ்டம்லயே போடலாம், பேப்பர்ல அனுப்பறதவிட அதான் நல்லது. ஃபைல் பண்ணின நகலும் ஒர்க்பேப்பரும் மூணு வருஷமாவது வச்சுக்கோங்க. அவங்க கேள்வி கேட்டு மெயிலும் போடுவாங்க போனும் பண்ணுவாங்க, போன காலாண்டுல அயர்லாந்துல இவ்வளவு இருந்துச்சே இப்ப ஏன் இல்லைன்னு. பயப்படாதீங்க, பேசறவங்க பெரும்பாலும் பொறுமையான எகனாமிஸ்டுங்க, நாலு வரியில விளக்கினா போதும். ஸ்டேட் ரெகுலேட்டர் எக்ஸாமினர்கிட்ட பேசி பழகினவங்களுக்கு இது ஒரு இன்ப அதிர்ச்சியாவே இருக்கும்.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ பிஇ-140ன்னு பெஞ்ச்மார்க் சர்வே வரும், 2013, 2018, 2023ன்னு போயிருக்கு, அடுத்தது 2028 வருஷத்து கணக்குக்கு. அதுல வரம்பு 20 லட்சம் டாலர்தான், அதுக்குக் கீழ இருந்தாலும் வகை வாரியா மொத்தத் தொகைய சொல்லணும். முக்கியமா, எங்களுக்கு லெட்டர் வரலையேன்னு அதுல தப்பிக்க முடியாது, கடமை உங்களோடதுதான். காலாண்டு சர்வே பக்கமே வராத சின்ன கம்பெனிங்க இதுல நிறைய முழிக்கும். கவுண்டர்பார்ட்டி மாஸ்டர்ல (எதிர்த்தரப்பு கம்பெனிங்க பட்டியல்ல) இருப்பிட நாடுன்னு ஒரே ஒரு கட்டம் இப்பவே சேத்து, புது டிரீட்டி பதியும்போதெல்லாம் அத கட்டாயமா நிரப்ப வச்சுட்டா 2028 வர்றப்ப ரெடியா இருப்பீங்க. ஐடி டீம் அதுக்கு டிக்கெட் போடுங்கம்பாங்க, போடுங்க, தொடர்ந்து துரத்துங்க.