ஈத்தாமொழி கயிறு யூனிட்டுக்கு நெதர்லாந்து காசு வந்த வழி

வெளிநாட்டுக்காரன் நம்ம கம்பெனில காசு போடணும்னா டெல்லி வரைக்கும் போகணுமான்னு ஊர்ல ரெண்டு மூணு பேரு கேட்டாச்சு, அதான் நடந்தத அப்படியே எழுதிப் போடுதேன், யாருக்காவது உதவும். முதல்லயே சொல்லிடுதேன், டெல்லி வரைக்கும் போகாண்டாம். எங்க தொழிலுக்கு 100% ஆட்டோமேட்டிக் ரூட், யார்ட்டயும் முன்கூட்டி அனுமதி கேக்க வேண்டியதில்ல. ஆனா அனுமதி வேண்டாம்னா வேலையே இல்லன்னு நினைச்சிராதீங்க, வேலை முழுக்க அதுக்கு அப்புறந்தான்.

நானும் எங்க அத்தானும் கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழி பக்கத்துல கதம்பல் (தேங்கா மட்டை) வாங்கி நாரும், நாரு எடுத்தா மிஞ்சுற சோத்த அமுக்கி கோகோபீட் பிளாக்கும் போடுற யூனிட் நடத்துதோம். பிளாக் முக்கால்வாசி நெதர்லாந்துக்குத்தான் போகும். அங்க தக்காளியும் குடமிளகாயும் மண்ணுல வளக்க மாட்டாங்க, கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள நம்ம தேங்காச் சோத்துல வேர விட்டு வளக்காங்க, உப்பு மட்டும் நல்லா கழுவிப் போயிருக்கணும். வருஷக்கணக்கா வாங்கிட்டிருந்த பார்ட்டி 2023ல, "நாங்களே காசு போடுதோம், கழுவுற யார்டையும் டிரையரையும் பெருசாக்குங்க, 26% பங்கு தாங்க"ன்னு கேட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல கேரளத்து விழிஞ்சம் போர்ட்டுக்கு முதல் கப்பல் வந்துச்சு பாத்தீங்களா, அந்த நியூஸ அவங்கதான் எங்களுக்கு அனுப்புனாங்க, எல்லையில இருக்க களியக்காவிளை தாண்டுனா போர்ட்டுன்னு அவங்களுக்கு மேப்ல தெரியுது! எங்க கன்டெய்னர் தூத்துக்குடி வழியாத்தான் போகுதுன்னு சொன்னாலும் கேக்கல, பத்து வருஷத்துக்கு அப்புறம் என்னன்னு யோசிக்கிற ஆளுங்க.

அத்தான் கேட்ட முதல் கேள்வி, "ஏம்டே 26? 25 போதாதா?" ஆடிட்டர் சிரிச்சிட்டாரு. கம்பெனில பெரிய முடிவு எதுக்கும் ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேணும், அதுக்கு முக்கால் பங்கு ஓட்டு வேணும். 26 கையில இருந்தா நம்ம 74 ஓட்டு மட்டும் வச்சு பெயரக்கூட மாத்த முடியாது, அவன் ஒருத்தன் வேண்டாம்னா நின்னு போகும். அப்போ அது வெறும் கால் பங்கு இல்ல, பிரேக் பெடல். அதத் தெரிஞ்சுக்கிட்டேதான் குடுத்தோம், பதிலுக்கு எந்தெந்த விஷயத்துக்கு அந்த பிரேக்க பயன்படுத்தலாம்னு அக்ரிமெண்ட்ல லிஸ்ட் போட்டு வாங்கிட்டோம்.

எங்களோடது பார்ட்னர்ஷிப் பெர்ம். அதுல வெளிநாட்டுக் கம்பெனி நேரா காசு போட முடியாது, என்.ஆர்.ஐ.யோ ஓ.சி.ஐ.யோ (வெளிநாட்டுல இருக்கிற இந்தியரோ, இந்திய வம்சாவளிக்காரரோ) போடலாம், அதுவும் திருப்பி வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகாத மாதிரிதான். அதனால பிரைவேட் லிமிடெட்டா மாத்துனோம். பேப்பர்ல விளம்பரம், பார்ம், டிஜிட்டல் கையெழுத்து, இதெல்லாம் அலுப்பு பிடிச்ச வேலை, ஆனா சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி) ஒருத்தர் இருந்தா நடந்துரும், இங்க விளக்க ஒண்ணுமில்ல. அவங்க ஆளு ஒருத்தர டைரக்டரா போட பாஸ்போர்ட் காப்பிய அங்க உள்ள நோட்டரி பாத்து, கோர்ட்ல அப்போஸ்டில்ங்கிற வெளிநாட்டு அத்தாட்சி ஒட்டி அனுப்பணும். நெதர்லாந்து இதுக்கான ஹேக் ஒப்பந்தத்துல உள்ள நாடு, அதனால எம்பசிக்கு அலையல. வருஷத்துல 182 நாளாவது இந்தியாவுல இருக்கிற டைரக்டர் ஒருத்தர் வேணும், அதுக்கு நாங்க ரெண்டு பேரும் இங்கதான கிடக்கோம்.

மண்டை காஞ்சது நிலத்துல. யூனிட் நிக்கிற விளை (தோப்பு) தாத்தா பேர்ல. அவங்க வக்கீல் எல்லா முன்பத்திரமும் கேட்டாங்க. நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம், அதனால தாத்தா வாங்குன பிரமாணம் (பத்திரம்) மலையாளத்துல, அதுவும் அந்தக் காலத்து கையெழுத்து. அதுல கெழக்க இன்னாரு விளை, வடக்க இன்னாரு வக தோடுன்னு எல்லை சொல்லியிருக்கு, சர்வே நம்பர் பழசு, இப்ப உள்ள ரீசர்வே நம்பரோட பொருத்திக் காட்டணும். ஆம்ஸ்டர்டாம்ல இருக்கிற வக்கீலம்மா வீடியோ கால்ல கேக்காங்க, "இந்தப் பக்கத்து விளைக்காரர் இப்போ எங்கே?" அவரு செத்து நாப்பது வருஷம் இருக்கும்னு எப்படி சொல்லது. கடைசில ரிட்டயர்டான மலையாள வாத்தியார் ஒருத்தர் வரி வரியா மொழிபெயர்த்துக் குடுத்து, அதுக்கு நோட்டரி அபிடவிட் போட்டு, வில்லங்கச் சான்று எடுத்து, பட்டாவோட சேத்து ஒரு பைலா அனுப்புனோம்.

அதுக்குப் பிறகும் தாத்தாவுக்கு வாரிசு அப்பா மட்டுமில்லயே, திருவனந்தபுரத்துல கட்டிக்குடுத்த அத்தை இருக்காங்க. அவங்க கையெழுத்து வேணும். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மக்கா, ஆனா பொறந்த வீட்டுல எனக்குன்னு இருந்த தென்னைய மட்டும் வெட்டாத"ன்னாங்க, விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாங்க. அந்தத் தென்னை டிரையர் போட வேண்டிய இடத்துல நிக்குது, டிரையரத்தான் தள்ளிப் போட்டோம். நிலத்த கம்பெனிக்கு விக்கல, பதினஞ்சு வருஷ லீஸ், அது ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும். இத ஏன் இவ்வளவு நீட்டி எழுதுதேன்னா, வெளிநாட்டு முதலீடுன்னா ரிசர்வ் பேங்க், டாக்ஸ்னுதான் எல்லாரும் பேசுவாங்க, நம்ம மாவட்டத்துல டீல் படுக்குற இடம் முக்கால்வாசி இந்த விளை பிரமாணந்தான்னு நான் நினைக்கேன். காசு வருதுன்னு சொல்லதுக்கு முன்னாடியே நிலத்து பேப்பர எடுத்து வச்சிருங்க.

இன்னொண்ணு பொல்யூஷன். கயிறு யூனிட்டெல்லாம் முன்ன மாசு ரொம்பக் குறைவுன்னு வெள்ளை கேட்டகரில இருந்துச்சு, 2021ல தமிழ்நாட்டுல அத மாசு கூடுன ஆரஞ்சுக்கு மாத்துனாங்க. பழைய பேப்பர வச்சிட்டு சும்மா இருந்த யூனிட்டுக்கெல்லாம் இது இடி. எங்கட்ட பொல்யூஷன் போர்டோட கன்சென்ட் (அனுமதி) இருந்ததால தப்பிச்சோம், இல்லன்னா அங்கயே நின்னுருக்கும்.

இப்ப விலை. இதுதான் சட்டத்துல ரொம்ப சுவாரசியமான இடம். நம்ம இஷ்டத்துக்கு ஷேர் விலை போட முடியாது. ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக்காரனுக்கு வேல்யூவர் சொல்ற நியாய விலைக்குக் கீழ ஷேர் குடுக்கக் கூடாது, அதே ஆளு பின்னால நமக்குத் திருப்பி விக்கும்போது நியாய விலைக்கு மேல நாம குடுக்கக் கூடாது. வரும்போது குறைக்கக் கூடாது, போகும்போது கூட்டக் கூடாது. இதுபோக அப்போ ஏஞ்சல் டாக்ஸ் வேற உயிரோட இருந்துச்சு. 2023 பட்ஜெட்ல அத வெளிநாட்டுக் காசுக்கும் நீட்டிட்டாங்க, நியாய விலைக்கு மேல வாங்குன காச கம்பெனி வருமானமா எடுத்து வரி போடுவாங்க. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனின்னு 21 நாட்டுக்கு விலக்கு குடுத்தாங்க, நெதர்லாந்து அந்த லிஸ்ட்ல இல்ல! ஆக கீழ ஃபெமா, மேல இன்கம் டாக்ஸ், நடுவுல நாங்க. நல்லவேளை 2023 செப்டம்பர்ல விதிய மாத்தி 10% வரைக்கும் வித்தியாசம் வந்தா பரவால்லன்னு சொன்னாங்க, அந்த இடைவெளிக்குள்ள விலைய வச்சுத்தான் மூச்சு விட்டோம்.

அடுத்தது அவங்க மனசுல இருந்த பெரிய பயம், போட்ட காச எப்படித் திருப்பி எடுக்கது. அவங்க வக்கீல் கேட்டது, அஞ்சு வருஷம் கழிச்சு போட்ட காசுக்குக் குறையாம நீங்களே வாங்கிக்கணும்னு ஒரு வரி. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஈக்விட்டில (பங்கு முதலீட்டுல) இந்த மாதிரி உறுதி லாபம் குடுக்க சட்டம் விடாது. டாடா டோகோமோ கேஸ்ல இதுதான் நடந்துச்சு, 2009ல ஜப்பான் கம்பெனி உள்ள வரும்போது பாதி விலையாவது திருப்பித் தருவோம்னு டாடா எழுதிக் குடுத்தாங்க, குடுக்க வேண்டிய நேரம் ரிசர்வ் பேங்க் விடல, லண்டன் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் விசாரணை) வரைக்கும் போயி 2017ல டெல்லி ஹைகோர்ட் அந்தத் தீர்ப்ப ஏத்துக்கிட்டதும் தான் நூறு கோடி டாலருக்கு மேல கைமாறுச்சு. அவங்க டாடா, தாங்குவாங்க. ஈத்தாமொழில யாரு தாங்குவா?

வக்கீலம்மா சும்மா விடல, வோடபோன் வரிக் கேஸ எடுத்துப் போட்டாங்க. 2012 ஜனவரில சுப்ரீம் கோர்ட் வரி கெடையாதுன்னு சொன்ன பிறகும் அதே வருஷம் பழைய தேதிக்கு சட்டத்த மாத்துன நாடு, 2020ல சர்வதேச தீர்ப்பாயத்துல தோத்துச்சு, அந்தக் கேஸே இந்தியா நெதர்லாந்து முதலீட்டு ஒப்பந்தத்த வச்சுப் போட்டது, அந்த ஒப்பந்தத்த 2016ல இந்தியா முறிச்சாச்சு, எங்களுக்கு இப்போ என்ன பாதுகாப்புன்னு. அந்தம்மா சொன்னது முழுக்க உண்மை, மறுத்துப் பேச எனக்கு ஒண்ணுமில்ல. 2021 ஆகஸ்ட்ல அந்த முன்தேதி வரிய அரசே எடுத்துட்டதத்தான் ஆடிட்டர் சொன்னாரு. என் பங்குக்கு, "மேடம், நீங்க அரசாங்கத்த நம்பி வரல, பத்து வருஷமா பிளாக் வாங்குற எங்களப் பாத்து வந்திருக்கீங்க"ன்னேன். அந்தப் பக்கம் இருந்த முதலாளி சிரிச்சாரு, வக்கீல் சிரிக்கல.

கடைசில ஒத்துக்கிட்டது இதான்: உறுதி விலை கெடையாது, ஒரு வருஷம் கண்டிப்பா விக்கக் கூடாது, அதுக்கப்புறம் போகணும்னா அன்னைக்கு உள்ள நியாய விலைக்கு முதல்ல எங்கட்ட கேக்கணும், நாங்க வாங்கலன்னா வேற யாருக்கும் விக்கலாம். வேற வெளிநாட்டுக்காரனுக்கு வித்தா இந்த விலைக் கட்டுப்பாடு கிடையாது, அது அவங்களுக்கு நல்ல ஆறுதல். சண்டை வந்தா கோர்ட் இல்ல, ஆர்பிட்ரேஷன். அவங்க நாட்டு கோர்ட் தீர்ப்ப இங்க நேரா அமல்படுத்த முடியாது, ஆர்பிட்ரேஷன் தீர்ப்ப அமல்படுத்த நியூயார்க் ஒப்பந்தம் இருக்கு. சிங்கப்பூர்ல வைக்கலாம்னாங்க, அங்க போயி ஒரு கேஸ் நடத்துனா கம்பெனி மிஞ்சாதுன்னு சொல்லி சென்னைக்குக் கொண்டு வந்தேன்.

காசு வந்த நாளு சந்தோஷமா இருந்திருக்கணும், இல்ல. நாங்க கணக்கு வச்சிருந்த பேங்க்ல, பழைய பையர் பேருதானன்னு அத ஏற்றுமதி அட்வான்ஸ்னு பதிஞ்சிட்டாங்க. சவத்த, பர்ப்பஸ் கோடு (காசு எதுக்கு வந்துச்சுன்னு சொல்ற குறியீடு) தப்பா இருந்தா முதலீட்டுக்கான வரவுச் சான்று கெடைக்காது, அது இல்லாம ரிசர்வ் பேங்க் பைலிங் நடக்காது. இதுல கடிகாரம் வேற ஓடுது, காசு வந்து 60 நாளைக்குள்ள ஷேர் அலாட் பண்ணணும், பண்ணலன்னா அடுத்த 15 நாள்ல திருப்பி அனுப்பணும். பிராஞ்ச்ல கேட்டா பாரெக்ஸ் செக்ஷன கேளுங்கங்காங்க, அங்க கேட்டா பிராஞ்ச் எழுதித் தரட்டும்ங்காங்க. அக்ரிமெண்ட், போர்டு ரெசல்யூஷன், அவங்க அனுப்புன மெயில் எல்லாத்தையும் வச்சு எழுத்துல குடுத்த பிறகுதான் மாத்துனாங்க. அங்க உள்ள பேங்க்ல இருந்து முதலீட்டாளரோட கே.ஒய்.சி. ரிப்போர்ட்டும் வரணும், கூடவே உண்மையான முதலாளி இந்தியாவோட நில எல்லை உள்ள நாட்டுக்காரர் இல்லன்னு டிக்ளரேஷன், 2020 ஏப்ரல்ல வந்த விதி, டச்சுக்காரனும் எழுதிக் குடுக்கணும்.

அலாட் பண்ணி 30 நாளைக்குள்ள எப்.சி-ஜி.பி.ஆர். பார்ம், அதாவது வெளிநாட்டுக்காரனுக்கு ஷேர் குடுத்தத ரிசர்வ் பேங்குக்குச் சொல்ற பார்ம், ஆர்.பி.ஐ.யோட ஃபர்ம்ஸ் போர்ட்டல்ல போடணும். எங்க பைல் ஒருதடவ திரும்பி வந்துச்சு, காரணம் பாத்தா கே.ஒய்.சி.ல அட்ரஸ் ஒரு மாதிரி, சான்றுல வேற மாதிரி. கெடுவுக்குள்ள சரி பண்ணிப் போட்டுட்டோம். லேட் ஆனா பைன் 7500 ரூபாயில தொடங்கி காசும் காலமும் கூடக்கூட ஏறும். இன்னொண்ணு, அலாட்மெண்ட் பேப்பர் ஆர்.ஓ.சி.ல (கம்பெனிப் பதிவாளர்ட்ட) பைல் ஆகுற வரைக்கும் அந்தக் காச தனி அக்கவுண்ட்ல வச்சு தொடாம இருக்கணும். அத்தான் டிரையருக்கு அட்வான்ஸ் குடுக்கத் துடிச்சிட்டிருந்தாரு, பிடிச்சு நிறுத்த பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்ப வருஷா வருஷம் ஜூலை 15க்குள்ள ரிசர்வ் பேங்குக்கு எப்.எல்.ஏ. ரிட்டர்ன் (வெளிநாட்டுக் கடன், சொத்து விவரம்), லாபப் பங்கு அனுப்புனா நெதர்லாந்து ஒப்பந்தப்படி 10% வரி பிடிச்சு அனுப்பணும், அதுக்கு அவங்க நாட்டு வரி வசிப்புச் சான்று கேட்டு வாங்கி வைக்கணும். ரெண்டாவது தவணை பேச்சு நடக்குது. 2024 பட்ஜெட்ல ஏஞ்சல் டாக்ஸ எடுத்துட்டதால விலைல மேல உள்ள அந்தக் கயிறு அவுந்துச்சு, கீழ உள்ளது அப்படியே இருக்கு. காசு கெளம்புறதுக்கு முன்னாடியே பேங்குக்கு இது முதலீட்டுப் பணம்னு லெட்டர் குடுத்து சீல் வாங்கி வச்சாச்சு.