ரிசர்விஸ்ட் அழைப்பும் முதலாளியின் கணக்கும்

சிங்கப்பூரில் பணி அட்டவணை போடும் எவருக்கும் ஆண்டுதோறும் வரும் தலைவலி, ஊழியர்களுக்கு வரும் ரிசர்விஸ்ட் அழைப்பு. 1967இல் கட்டாயமாக்கப்பட்ட தேசிய சேவையின்படி, முழுநேரச் சேவையை முடித்த ஆண்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் படை முகாமுக்குத் திரும்பிப் பயிற்சி பெற்றாக வேண்டும். ஓராண்டில் 40 நாள்வரை அவர்களை அழைக்கலாம். விடுப்பு தர முதலாளி மறுக்க முடியாது. சம்பளத்தை அரசு ஈடுகட்டுகிறது என்றாலும், ஆள் இல்லாத குறையைப் பணம் நிரப்பாது.

இருந்தும், துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கின் பணிகளைக் கவனிக்கும் நான் இந்த ஏற்பாட்டை வெறும் இழப்பாக எழுதிவிட மாட்டேன். எங்கள் இரவுப் பணி மேற்பார்வையாளர் முகாமில் பிளட்டூன் எனப்படும் ஒரு சிறு படைப்பிரிவுக்குத் தலைவர். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நெருக்கடியில் அவர் வேலையைப் பிரித்துக் கொடுப்பதைப் பார்த்தேன்: நிலைமை என்ன, இன்றிரவு முடிய வேண்டியது எது, யார் எதைச் செய்வது, பொருள் எங்கிருந்து வரும், தாம் இல்லாதபோது முடிவெடுப்பவர் யார் என்ற வரிசையில் சொல்லி முடித்துவிட்டு, தம்மைவிட மூத்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம், “அண்ணே, நீங்க செய்யப்போறத ஒருமுறை சொல்லுங்க” என்று கேட்டார். ஓட்டுநர் ஆறாம் வாசலுக்குப் பதிலாக நான்காம் வாசல் என்றார். கொள்கலன் திறக்கப்படும் முன்பே பிழை திருத்தப்பட்டது. வேலை முடிந்ததும் பத்து நிமிடம் கூடி, திட்டம் என்ன, நடந்தது என்ன, ஏன் மாறியது என்று பேசுவதும் படையிலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கமே.

இவற்றையெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பில் காசு கொடுத்தும் கற்கலாம். ஆனால் காசுக்குக் கிடைக்காத ஒன்று முகாமில் இருக்கிறது. அங்கே அவருக்குக் கீழே இருப்பவர்களில் வங்கி அதிகாரியும் உண்டு, டாக்சி ஓட்டுநரும் உண்டு. அவர்களுக்குப் போனஸ் தரவோ பதவி உயர்த்தவோ அவரால் முடியாது. படைச் சட்டப்படி தண்டிக்க வழியுண்டுதான். ஆனால் அதையே நம்பியிருப்பவருக்கு, ஆண்டுக்கொரு முறை வந்துபோகும் அந்த மனிதர்கள் தேவைக்கு மேல் ஓர் அடிகூட நகர மாட்டார்கள். ஆகவே, காரணத்தைச் சொல்லி, தாமும் கூட நின்று வேலை வாங்கப் பழக வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் சம்பள உயர்வைக் காட்டி ஆட்களை நடத்தியே பழகிய மேலாளர்களுக்கு இது எளிதில் வாய்க்காது.

முகாமிலிருந்து சத்தம் போடுவதை மட்டும் கற்றுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். படைப் பதவியைத் தகுதிச் சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை. பெண்களில் பெரும்பாலோருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இந்த வாய்ப்பே கிடையாது என்பதால், பதவி உயர்வில் அதற்குத் தனி மதிப்பெண் தருவதும் நியாயமாகாது. ஐந்தாறு பேர் மட்டுமே வேலை பார்க்கும் கடைக்கு இரண்டு வார இடைவெளி பெரும் சுமை என்பதையும் மறுப்பதற்கில்லை.

எங்களைப் போன்ற இடத்தில் செய்யக்கூடியது, அழைப்பு வந்த நாளிலேயே மாற்று ஆளைத் தேர்ந்து அவரிடம் பொறுப்பைச் சிறிது சிறிதாக ஒப்படைப்பது. இம்முறை அவ்வாறு இரவுப் பணியை ஏற்றவர், மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் ஒரு பெண் ஊழியர். மேற்பார்வையாளர் திரும்பிய பிறகு பகல் பணிக்கு அந்தப் பெண்ணையே பொறுப்பாக்கிவிட்டோம்.